அகத்தா தட்டில் இரண்டு பன்

பட்டறையில் அவளுக்குப் பெயர் மேக்கப் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஓட்டுப் போடப் போகும் நாளில் மட்டும் அது வெளியே வந்து காற்று வாங்கிவிட்டு மறுபடி உள்ளே போய்விடும்.

அது தேவாலயங்களுக்குச் சுரூபங்கள், அதாவது புனிதர் சிலைகள், செய்யும் பட்டறை. அச்சுக்காரர் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் அச்சைப் பிரித்து, வெள்ளை வெளேரென்று ஒரு புனிதரை வெளியே எடுத்து நிறுத்துவார். அந்த நேரத்தில் எந்தப் புனிதரும் புனிதர் மாதிரி இருப்பதில்லை. மாவு மூட்டை மேல் விழுந்து எழுந்தவர் மாதிரிதான் இருப்பார். அவருக்குத் தோல் நிறம் ஏற்றி, கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடவிட்டு, இமை வரைந்து, கடைசியில் கருவிழிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்து, "ம், இப்ப நல்லா பாருங்க" என்று அவரிடமே சொல்லி உலகத்தைப் பார்க்க வைப்பது மேக்கப் அக்காவின் வேலை.

சின்ன வயதில் தரை கூட்டத்தான் வந்தாள். அப்போதிருந்த பெயிண்டருக்கு ஒருநாள் வேலைக்கு நடுவில் தும்மல் வந்து, சூசையப்பரின் மீசை காது வரை போய்விட்டது. மனிதர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கூட்டிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து, துணியில் டர்பன்டைன் நனைத்து மீசையைத் துடைத்து, புதிதாக ஒன்று வைத்துக்கொடுத்தாள். அன்று கைக்கு வந்த தூரிகை பிறகு இறங்கவேயில்லை.

வேதசாட்சிகள் என்றால், விசுவாசத்தை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுச் செத்தவர்கள். எப்படிக் கொன்றார்களோ அதுதான் அவர்களுக்கு அடையாள அட்டை. செபஸ்தியாருக்கு உடம்பெல்லாம் அம்பு. லாரன்ஸ் இரும்புக் கம்பி அடுப்பைக் கையிலேயே வைத்திருப்பார்; ஒரு பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போடுங்கள் என்று சொன்னவராம். அப்படிப்பட்ட ஆளைத்தான் மேக்கப் அக்காவுக்கு ரொம்பப் பிடிக்கும். பர்த்தலோமேயு உரித்த தன் தோலையே மழைக்கோட்டு மாதிரி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு நிற்பார். லூசியா தன் கண்கள் இரண்டையும் தட்டில் ஏந்தியிருப்பாள். அந்தக் கண்களை வரைந்தபோது மேக்கப் அக்கா கைக்கண்ணாடியை எதிரில் சாய்த்து வைத்து, தன் கண்ணையே பார்த்து வரைந்தாள். ரத்தம், காயம், தழும்பு எதற்கும் கை நடுங்காது. "கறிக்கடையில இருக்க வேண்டிய பொம்பள" என்பார் முதலாளி, பாராட்டாகத்தான்.

ஆனால் அதெல்லாம் பிளாஸ்டர் உடம்பு. சொந்த உடம்பு என்று வந்தால் அவளைப் போல வெட்கம் பிடித்தவளைப் பார்க்க முடியாது. விளக்கை அணைத்துவிட்டுத்தான் உடை மாற்றுவாள். ஒருமுறை இடுப்புக்குக் கீழே கட்டி வந்தபோது, மருந்துக்கடையில் போய் "முழங்கையில" என்று சொல்லி மருந்து வாங்கி வந்தாள். கடைக்காரர் முழங்கையைக் காட்டச் சொன்னதும், வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தவள் மாதிரி விழித்தாளாம். இதை ஊரெல்லாம் சொன்னது அவள் நாத்தனார்.

நாத்தனார் என்பது புருஷனின் தங்கை. கட்டிக் கொடுத்த வீடு ஒத்துவராமல், ஒரு பெட்டியும் ஒரு தையல் மெஷினுமாக அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். ஆஸ்பத்திரி விரிப்புகளையும் ஓட்டல் விரிப்புகளையும் வெளுக்கும் லாண்டரியில் இஸ்திரி போடுகிறாள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் மூடி எங்கே, உப்பு யார் போட்டது என்று நாள் தவறாமல் சண்டை. ஆனால் அவள் விரலில் சூடு பட்டதற்கும் இவள் விரல் டர்பன்டைனில் வெடித்ததற்கும் வீட்டில் இருந்தது ஒரே களிம்பு டியூப். அதைப் பிதுக்கி மற்றவளுக்கும் கொஞ்சம் விட்டுவைப்பதில் மட்டும் இருவரும் ஒருநாளும் தவறியதில்லை.

புருஷன் பட்டறை வேனை ஓட்டுகிறவர். எந்தப் புனிதரை ஏற்றினாலும் சீட்டில் உட்கார வைக்கிற மாதிரி சாய்த்துப் பெல்ட் போட்டுவிடுவார். ஏன் என்று கேட்டால், "விழுந்து மூக்கு உடைஞ்சா ஒட்டப்போறது யாரு, என் பொண்டாட்டிதானே" என்பார். அவரைப் பற்றி இவ்வளவு போதும். நல்ல மனிதர், ஆனால் இந்தக் கதையில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளியிருந்த தேவாலயத்திலிருந்து அகத்தாவுக்கு ஆர்டர் வந்தபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது.

அகத்தா அழகான பெண். நாட்டை ஆண்ட அதிகாரி ஒருவன் அவளைக் கேட்டான். நான் கடவுளுக்கு என்று முடிவாகிவிட்டது, முடியாது என்றாள். பெரிய பதவியில் இருப்பவனிடம் ஒரு பெண் முடியாது என்று சொன்னால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. பிடித்துக் கட்டிப்போட்டு, அவள் மார்புகளை அறுக்கச் சொன்னான். அதனால் அகத்தாவின் சுரூபம் ஒரு தட்டை ஏந்தியிருக்கும். தட்டில் அறுபட்ட இரண்டு மார்புகள் இருக்கும். மார்பில் நோய் வந்த பெண்கள் அவளிடம்தான் போய் நிற்பார்கள்.

அச்சுக்காரர் தட்டைத் தனியாக வார்த்து எடுத்து, மேஜை மேல் வைத்தார். வெள்ளைத் தட்டில் வெள்ளையாக இரண்டு குவியல்கள். பிளாஸ்டர் கரைக்கும் இரண்டு ஆட்களும் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"மேக்கப்பு," என்றார் அச்சுக்காரர், சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு. "லூசியாவுக்குக் கண்ணாடியப் பாத்து வரைஞ்சல்ல? இதுக்கும் அதே மாதிரி பாத்து வரைஞ்சாதான் தத்ரூபமா வரும்."

இரண்டு ஆட்களில் ஒருவன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். மற்றவன் சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தான். சத்தம் வராத சிரிப்புதான் காதில் அதிகமாக விழும்.

மேக்கப் அக்காவுக்குக் கழுத்திலிருந்து சூடு ஏறியது. லாரன்ஸின் அடுப்பு நினைவுக்கு வந்திருந்தால் ஒரு பதில் கிடைத்திருக்கும். 

"எதைப் பாக்கணும்? வாயில வந்தத உளறாதீங்க," என்றாள். "இது பன்னு."

"பன்னா?"

"ஆமா, பன்னு. பசிச்சவங்களுக்கு ரொட்டி குடுத்த அம்மா இவங்க. சின்னப் பிள்ளையில கேட்டிருக்கேன்."

கேட்டதேயில்லை. ஆனால் வாயிலிருந்து வந்த பொய்க்குக் கை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. பழுப்பு நிறத்தை எடுத்தாள். மேலே கொஞ்சம் சிவந்த மாதிரி, ஓரத்தில் கொஞ்சம் வெளிறிய மாதிரி, அடுப்பிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி இழைத்தாள். ஒவ்வொன்றின் உச்சியிலும் கத்தியால் சிலுவைக் கீறல் போட்டு, மேலே வார்னிஷ் பூசினாள். பட்டறை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வந்து மோந்து பார்த்தது. அவ்வளவு நல்ல பன்.

முதலாளி வந்தார். தட்டைப் பார்த்தார். அவருக்குத் தெரியும்; ஆர்டர் எடுத்ததே அவர்தான். பெருமூச்சு விட்டு, "நல்லதாப் போச்சு. விவரமான ஆளு நீ," என்றார். தேவாலயத்தில் ஃபாதர் பார்த்துவிட்டு, "ரொம்பக் கண்ணியமா இருக்கு," என்று சொல்லி அனுப்பினாராம். ஆர்டர் கொடுத்த மாதர் குழுவும் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாருக்கும் ஒரே நிம்மதி. எல்லாரும் சேர்ந்து ஒரு புனிதைக்குப் போர்வை போர்த்தியாகிவிட்டது.

பிறகு நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். முதலில் அந்தத் தெரு பேக்கரிக்காரர் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். அந்த வாரம் அவருடைய பழைய அடுப்பு தானாகச் சரியாகிவிட்டது. உடனே சூடான பன் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து அகத்தா காலடியில் வைத்தார். அடுத்து வேலை தேடுகிறவர்கள் வந்தார்கள். சாப்பாடு இறங்காத குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள். உடம்பு குறைய வேண்டும் என்று வந்த ஒருவர் நிலைமையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். ரொட்டி அம்மா என்று பெயரே வந்துவிட்டது. மேக்கப் அக்கா பஸ்ஸில் போகும்போது அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கும்பிட்டால், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். பெருமையா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் வீட்டில் இடது கையால் இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

"என்னடி இது, சட்டையில ரெண்டு கோடு விழுந்திருக்கு? உன் அண்ணன் ரயில்வே லைன் மாதிரி போயிட்டிருக்கார்."

"போட்டுக் குடுக்கறதே பெரிசு. வேணும்னா நீங்களே போட்டுக்கோங்க."

"வலது கைக்கு என்ன வந்துச்சு?"

"லீவு குடுத்திருக்கேன். அதுவும் மனுஷன் கைதானே."

மேக்கப் அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. தூரத்திலிருந்தே ஒரு சுரூபத்தின் உதட்டில் மயிரிழை தவறைக் கண்டுபிடிக்கிறவள், ஒரே சமையலறையில் தோளோடு தோள் இடித்து நிற்கிறவளின் கை மேலே தூக்க முடியாமல் தொங்குவதைப் பார்த்துவிட்டு, சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டிவிட்டாள். மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்க நாத்தனார் முக்காலி போட்டு ஏறியபோதும் அப்படித்தான் நினைத்தாள். களிம்பு டியூப் சீக்கிரம் தீர்ந்துபோனபோது, ஒட்டுமொத்தமாகத் திட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். புருஷன் தூங்கப் போய்விட்டார். நாத்தனார் இஸ்திரி மேஜை முன் நின்று, இடது கையால் தலையணை உறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேக்கப் அக்கா நகத்திலிருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி."

"என்ன?"

"உங்க அகத்தாவைப் போய்ப் பாத்தேன்."

"நீயா? கோயிலுக்கா? வெளியே மழை வருதா பாரு."

நாத்தனார் சிரிக்கவில்லை. "கையில பன் வச்சிருக்காங்க," என்றாள்.

"ஆமா. எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்றாங்க."

"அவங்க கதை உங்களுக்குத் தெரியாதா?"

சுரண்டிக்கொண்டிருந்த நகம் நின்றது. தெரியாது என்று சொல்லிவிடலாம். அச்சுக்காரரிடம் சொன்ன பொய்க்கு ஒரு தங்கை பிறக்கும், அவ்வளவுதான். ஆனால் நாத்தனாரின் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"தெரியும்."

"தெரிஞ்சுமா பன் போட்டீங்க?"

"அந்த அச்சுக்கார ஆளு, நாலு பேரு முன்னாடி கண்டபடி பேசிட்டான்டி. எனக்கு வெக்கமாப் போச்சு."

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "லாண்டரியில விரிப்பு மடிக்கிற அக்கா ஒருத்தங்க சொன்னாங்க. கதை அறுத்ததோட முடியலையாம். அகத்தாவை ஜெயில்ல போட்டாங்களாம். அங்க ஒரு பெரியவர் மருந்து எடுத்துக்கிட்டு வந்தாராம். காயத்தக் காட்டும்மா, என்கிட்ட வெக்கப்படாதேன்னு சொன்னாராம். இவங்க, இவ்வளவு கிழிஞ்சு கெடக்குறேன், இனிமே எனக்கு என்ன வெக்கம்னு சொன்னாங்களாம். வந்தது இயேசுவோட சீடர் இராயப்பராம். அப்புறம் காயம் ஆறிப்போச்சாம். நீயும் போய் அவங்க முன்னாடி நில்லு, தைரியம் வரும், அப்புறம் டாக்டர்கிட்ட போன்னு அந்த அக்கா சொன்னாங்க. போனேன்."

"நீ எதுக்குடி டாக்டர்கிட்ட..." என்று ஆரம்பித்தவள் பாதியிலேயே நிறுத்தினாள். இடது கை, முக்காலி, களிம்பு எல்லாம் வரிசையாக வந்து எதிரில் நின்றன, வகுப்புக்கு வெளியே நிறுத்திவைத்த பிள்ளைகள் மாதிரி.

"போய்ப் பாத்தா," என்றாள் நாத்தனார், "பன்னு. அவங்களே மூடி மறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. ஒரு புனிதையே அதை வெளிய காட்டக்கூடாது, ரொட்டின்னு சொல்லித்தான் வச்சிருக்கணும்னா, நான் யாரு? திரும்பி வந்துட்டேன்."

தலையணை உறை காய்ந்த வாசனை அறையெல்லாம் இருந்தது. மேக்கப் அக்கா எழுந்து பக்கத்தில் போனாள். எங்கே என்று கேட்க வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை. தன் தோளுக்குக் கீழே காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். "இங்கயா?"

"ம்."

"எவ்வளவு நாளா?"

"தெரியாது. மேலாக்கக் களிம்பு தடவிக்கிட்டிருக்கேன், அமுக்கிப் பாக்கத்தான் பயமா இருக்கு."

"கெளம்பு. நாளைக்கே போலாம்."

"போகமாட்டேன்."

"அடியே, பொம்பள டாக்டர் இருக்காங்க."

"யாரா இருந்தா என்ன? வாயைத் தொறந்து சொல்லணும்ல? உங்களால சொல்ல முடியுதா? கையால கோலம் போடுறீங்க." நாத்தனாருக்குக் குரல் உடைந்தது, உடைந்ததை மறைக்கக் கோபத்தை எடுத்து மேலே போட்டுக்கொண்டாள். "முதல்ல போய் உங்க அகத்தாவை ஒழுங்கா வரைங்க. நாலு பேரு பாக்க, பட்டப்பகல்ல. அவங்க காட்டுனா நானும் காட்டுறேன். பன்னு இருக்கிற வரைக்கும் என்கிட்ட பேசாதீங்க."

சொல்லிவிட்டு மறுபடி இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். இடது கையால்.

மேக்கப் அக்கா கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். வரைவதற்குப் பார்க்க வேண்டியிருந்தது. அச்சுக்காரர் சொன்னது நக்கல்தான், ஆனால் தொழில் முறையில் சரியான பேச்சு. பார்க்காமல் எதையும் தத்ரூபமாக வரைய முடியாது. பழக்கத்தில் விளக்கை அணைத்துவிட்டாள். பிறகு இருட்டில் கண்ணாடியோடு நிற்பது எவ்வளவு கேனத்தனம் என்று புரிந்து மறுபடி போட்டாள்.

முதலில் கண்ணாடியில் முகத்தைத்தான் பார்த்தாள். முகத்தைப் பார்த்துக்கொண்டே நிறைய நேரம் இருந்தாள். கண்ணாடியைக் கீழே இறக்கியபோது, தன்னுடையதைப் பார்ப்பது மாதிரியே இல்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை பார்த்திருப்பாள். அதற்கப்புறம் உடம்பு கழுத்துக்குக் கீழே, முன்பு குடியிருந்த தெரு மாதிரி ஆகிவிட்டது. இருக்கிறது என்று தெரியும், போவதில்லை. இங்கே தோல் வெளிறியிருந்தது. நீல நரம்பு ஒன்று ஓடியது. அவள் வரையும் எந்தப் புனிதைக்கும் அந்த நீலத்தை வைத்ததில்லை. குளியலறைக்குள் யாருமே இல்லை, இருந்தும் காது வரை சூடேறியது. யார் முன்னால் இந்த வெட்கம் என்று யோசித்துப் பார்த்தாள். யாரும் அகப்படவில்லை.

அடுத்த நாள் பட்டறையில் லீவு சொல்லிவிட்டு, பெயிண்ட் பெட்டியும் உப்புத்தாளுமாகத் தேவாலயத்துக்குப் போனாள். காலை வேளை. அகத்தா தன் மாடத்தில் நின்றுகொண்டு, வார்னிஷ் மின்னும் பன்களை நீட்டிக்கொண்டிருந்தாள். காலடியில் உண்மையான பன்களை பேக்கரிக்காரர் அடுக்கிக்கொண்டிருந்தார். ஃபாதர் எலிப்பொறியோடு பக்கத்தில் குனிந்திருந்தார். பன் வரத் தொடங்கியதிலிருந்து எலிகளுக்கும் பக்தி வந்துவிட்டது.

"வாங்கம்மா. வர்ணம் எங்கயாவது உதிர்ந்திருக்கா?" என்றார் ஃபாதர்.

"இல்ல ஃபாதர். நான் தப்பாப் போட்டுட்டேன். மாத்த வந்திருக்கேன்."

"என்ன தப்பு? ஜனங்க இவ்வளவு நல்லா ஏத்துக்கிட்டாங்களே."

"அது பன் இல்ல ஃபாதர்."

ஃபாதர் எலிப்பொறியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "தெரியும்மா," என்றார் மெதுவாக.

"தெரியுமா?"

"படிச்சிருக்கேன்ல."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லாம இருந்தீங்க?"

"நீங்க ஏன்மா சொல்லல?"

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் பன் துணுக்குகள் கிடந்தன.

பேக்கரிக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. "பன் இல்லையா? என்ன பேசுறீங்க? நான் நாள் முழுக்க பன்னோட இருக்கிறவன், எனக்குத் தெரியாதா? பன் இல்லேன்னா வேற என்ன, கேக்கா?"

ஃபாதர் இருமினார். "அது... கமிட்டியில பேசி..." என்று இழுத்தார்.

மேக்கப் அக்காவுக்கு நாத்தனாரின் இடது கை கண்ணில் நின்றது. காற்றில் வட்டம் போட்டுக் காட்டலாம் என்று விரல் துடித்தது. அதை மடக்கிக்கொண்டாள்.

"மார்பு," என்றாள். "அந்தம்மாவோட மார்பு. அறுத்துட்டாங்க. நான் வெக்கப்பட்டு அதை ரொட்டியாக்கிட்டேன்."

உயரமான கூரை. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் கொஞ்ச நேரம் வைத்திருந்து திருப்பித் தரும். மார்பு என்ற சொல் மேலே போய்ச் சுற்றிவிட்டு மூன்று பேர் தலையிலும் இறங்கியது. பேக்கரிக்காரர் கையிலிருந்த தட்டை என்ன செய்வது என்று தெரியாமல், தோளிலிருந்த துண்டை எடுத்துப் பன்களின் மேல் போட்டு மூடினார். பாவம், அவையும் வெட்கப்படும் என்று நினைத்தாரோ என்னவோ.

"அப்ப நான் இத்தனை நாளா..." என்றார்.

"வச்சிட்டுப் போங்கண்ணே," என்றார் ஃபாதர். அவர் முகம் சிவந்திருந்தது. "பசிக்கிறவங்க எடுத்துப்பாங்க. அந்தம்மா ஒண்ணும் நினைக்கமாட்டாங்க." பிறகு மேக்கப் அக்காவைப் பார்க்காமல், "ஏணி வேணுமாம்மா? நான் பிடிச்சுக்கறேன்," என்றார்.

உப்புத்தாள் பட்டதும் பழுப்புத் தூள் உதிர்ந்தது. சிலுவைக் கீறலைப் பட்டி வைத்து அடைத்தாள். வந்துபோகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பெண் "ஐயோ, ரொட்டி அம்மா கையில என்ன பண்றா?" என்று கேட்டாள். அது மார்பு என்று மேக்கப் அக்கா திரும்பிச் சொன்னாள். இரண்டாவது முறை சொல்லும்போது குரல் நடுங்கியது. மூன்றாவது முறையும் நடுங்கியது. பழகிப்போகும் என்று நினைத்திருந்தாள்; பழகவில்லை, ஆனால் சொல் வந்துகொண்டிருந்தது. கேட்டவர்களில் ஒரு நடுத்தர வயதுக்காரி மட்டும் முன் வரிசைப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். எழுந்து போகவேயில்லை.

மேக்கப் அக்கா அவளைப் பார்த்தாள். அப்போதுதான் அது உள்ளே இறங்கியது. இதுவரை நினைத்ததெல்லாம் நாத்தனார் ஒருத்தியைத்தான். இந்தத் தட்டை நம்பி வந்து, பன்னைப் பார்த்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பிப் போனவர்கள் இன்னும் எத்தனை பேர்? அவர்களை எங்கே போய்த் தேடுவது? ஏணியில் நின்றபடியே அகத்தாவின் முகத்தைப் பார்த்தாள். தான் வரைந்த கண்தான். அதில் தானே வைத்த வெள்ளைப் புள்ளிதான். அதைக்கூட நேராகப் பார்க்க முடியாமல் தூரிகையைக் குனிந்து நனைத்தாள்.

வெளிறிய தோல் நிறம். அறுபட்ட ஓரத்தில் சிவப்பு. அதிகமில்லை, இருக்க வேண்டிய அளவு. கடைசியில் மெல்லிய நீலத்தில் ஒரு நரம்பு.

லாண்டரி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார் ஏப்ரனோடு வந்தாள். வருவாள் என்று மேக்கப் அக்கா எதிர்பார்க்கவில்லை. ஏணியடியில் நின்று தட்டை அண்ணாந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"கலர் சரியா இருக்கா?" என்றாள் மேக்கப் அக்கா.

"எதைப் பாத்துப் போட்டீங்க?"

மேக்கப் அக்கா தூரிகையைத் துணியில் துடைத்தாள். நாத்தனாரின் பார்வை பெயிண்ட் பெட்டிக்குள் போனது. கைக்கண்ணாடி கிடந்தது. அதைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், மறுபடி தட்டைப் பார்த்தாள்.

"முழங்கையைப் பாத்தா?"

"சும்மா இருடி, கோயில்."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழுகைக்கு மாறினாள் என்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஃபாதருக்குக்கூடத் தெரியவில்லை. ஏணியின் முதல் படியில் ஏறி, இடது கையை நீட்டி, தட்டின் ஓரத்தைத் தொட்டாள். பெயிண்ட் காயவில்லை. விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது.

"ஏய், தொடாதே, இப்பதான்..." என்று ஆரம்பித்து மேக்கப் அக்கா நிறுத்திக்கொண்டாள். விரல் பட்ட இடத்தை அப்படியே விட்டுவிட்டாள். இன்றும் அந்தத் தட்டின் ஓரத்தில் அந்தத் தடம் இருக்கிறது.

அன்று சாயங்காலமே கிளினிக்குக்குப் போனார்கள். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, அறை முழுவதற்கும் கேட்கிற மாதிரி, "என்ன பிரச்சனை?" என்றாள். பெஞ்சில் ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் வாயைத் திறந்தாள், மூடினாள். அண்ணியைப் பார்த்தாள். மேக்கப் அக்கா நான் சொல்கிறேன் என்று முன்னால் வந்தாள். நாத்தனார் வேண்டாம் என்று தலையாட்டி, பெயிண்ட் ஒட்டிய விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"மார்புல ஒரு கட்டி இருக்கு," என்றாள். "டாக்டர் பாக்கணும்."

"உக்காருங்க. கூப்பிடுவாங்க," என்றாள் அந்தப் பெண், முழங்கை வலி என்று சொன்னதைக் கேட்டவள் மாதிரி.

அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை. பெஞ்சில் இருந்த ஆண்களில் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து கூப்பிட்டாள். நாத்தனார் எழுந்து போனாள். கதவு வரை போனதும் நர்ஸ் திரும்பி, "நீங்களும் வந்து பரிசோதனை பண்ணிக்கறீங்களா? இந்த வயசுல ஒருதடவை பாத்துக்கிறது நல்லது," என்றாள்.

"இல்லீங்க," என்றாள் மேக்கப் அக்கா. "நான் சும்மா துணைக்கு..."

சொன்னதும் அவளுக்கே கேட்டது. வார்னிஷ் பூசின பன் மாதிரி ஒரு பதில். காது வரை சூடேறியது. மடியில் இருந்த கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் நீலம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

உள்ளே போகாமல் கதவருகிலேயே நின்றாள் நாத்தனார். இடது கையால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

மேக்கப் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள்.